கத்திக்கு எண்ணெய்

புதிதாகக் குடிவந்தவர் தன் சவரக்கத்தியை ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்.

“தோல் உறையில வைக்காதீங்க, ஈரம் கோத்துத் துருப்பிடிக்கும். மெழுகுத்தாள்ல சுத்தி அலமாரியில வச்சிடுங்க,” என்றாள் மனைவி.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு மூக்கில் வேர்த்தது. வாசலில் பெட்டி வேறு தயாராக இருந்தது.

“கப்பல் வேலையாமே, திரும்பி வர வருஷமாகுமாமே. கத்திய வச்சிட்டுப் போனா, தாடி வளர்க்கப் போறீங்களா தம்பி?”

“வளர்க்கத்தான் போறேன்கா.”

கார் வந்தது. பெட்டியோடு ஏறி உட்கார்ந்தது மனைவி.

“கப்பல் இன்ஜினீயர் அவதான்கா,” என்றார் அவர், கன்னத்தைத் தடவியபடி. “கல்யாணமானதுலேருந்து எனக்கு மழிச்சு விடறதும் அவதான். வேற யார்கிட்டயும் முகத்தைக் காட்ட மாட்டேன்.”

மனைவி கார் ஜன்னலில் தலையை நீட்டினாள்.

“அக்கா, நான் வர்றதுக்குள்ள இவர் கன்னம் வழுவழுன்னு ஆச்சுன்னா, யார் கைவண்ணம்னு நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும். உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா?”