கார்டுக்கு ஐந்து சதவீதம்

நேர்மையாக வரி கட்டுபவனின் முதுகெலும்பில்தான் ஒரு தேசமே நிமிர்ந்து நிற்கிறது. இஃப்திகார் இப்படி முழங்கியது லாகூரில் ஒரு பிரியாணிக் கடைக் கல்லாவில். தம்பி இறந்த மூன்றாம் நாள் சாப்பாட்டுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார்.

“கேஷா, கார்டா, ஹாஜி சாஹிப்?”

“கேஷெல்லாம் திருட்டுப்பயலுக்கு! கார்டுன்னா விற்பனை வரி பதினாறு இல்ல, அஞ்சு சதவீதம்தானே?”

“ஆமா, இந்த மாசம் வரைக்கும்.”

“அப்ப கார்டுலயே போடு. தம்பி பணம் புள்ளைங்க படிப்புக்கு இருக்கட்டும், சாப்பாடு என் செலவுன்னு தம்பி பொண்டாட்டி சாயிமாகிட்ட சொல்லிட்டேன்.”

கல்லாக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டில், இறந்தவரின் செல்போன் சாயிமாவின் கையில் சிணுங்கியது. கணக்கில் இருந்ததில் பாதி பிரியாணிக் கடைக்குப் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து வாங்க அவள் கொடுத்த கணவரின் கார்டை இஃப்திகார் இன்னும் திருப்பித் தரவில்லை.