அட்டை மானுக்கு எதிரே

மோர்டன் நகருக்கு அப்பாலுள்ள சுடுபயிற்சிக் கூடத்தில் ரியூப் லைட்டின் வெளிச்சம் அட்டை மானின் விலாவில் வெள்ளையாக விழுகிறது. மான்வேட்டைக்குப் போக ஆசைப்பட்டுச் சுடப் பழகும் பன்னிரண்டு வயது ஷெரின் பாயில் குப்புறப் படுத்திருக்கிறாள். துவக்கைத் தாங்கும் மணல்மூட்டையைச் சரிசெய்யும்வரை பயிற்றுநர் துவக்கை அவளுடைய தகப்பன் றெஜினோல்டிடம் கொடுக்கிறார். வாங்கிய கையோடு அவன் குழலை நிலத்துக்குத் தாழ்த்துகிறான், குண்டறையின் பூட்டை இழுத்துத் திறக்கிறான், உள்ளே குண்டில்லை என்பதைச் சின்னவிரலை விட்டுத் தடவிப் பார்க்கிறான். பயிற்றுநர் இன்னும் சொல்லிக்கொடுக்காத பாடம் அது. ஊரில் யுத்தம் நடந்தபோதும் துவக்கைத் தொட்டதே இல்லையென்று கலியாணத்துக்கு முன் மனைவியிடம் சத்தியம் செய்தவன்.

"ஆர் உங்களுக்குப் பழக்கினது?" என்கிறாள் மனைவி கிளறிற்றா.

"யூரியூப்பில பாத்தனான்."

பயிற்றுநர் குண்டேற்றிக் கொடுத்ததும் மகள் சுடுகிறாள். காதுமூடிகளையும் மீறிப் பக்கத்தில் நிற்பவர்கள் திடுக்கிடுகிறார்கள். கிளறிற்றா மானைப் பார்க்கவில்லை, அவனுடைய இமையைப் பார்க்கிறாள். அது அசையவில்லை.