பெஞ்சில் உட்கார்ந்த மச்சான்

"என் பிள்ளை என்ன கையில்லாதவனா, காலில்லாதவனா? எதுக்கு மாப்பிள்ளை அவனை பெஞ்சுல உக்கார வெச்சிருக்கீங்க?"

செருப்பைக் கழற்றும் முன்பே மாமியார் கேட்டுவிட்டாள். கிடங்கில் நாளெல்லாம் மூட்டை தூக்கிவிட்டு அப்போதுதான் வந்து சுவரில் முதுகைச் சாய்த்திருந்தான் மருமகன். கையில் போன். போனுக்குள் ஸ்காட்லாந்து.

"அத்தை, அது உங்க பிள்ளை இல்லை. ஆன்லைன் கேமுல வர்ற பொம்மை."

"பொம்மைக்கு என் பிள்ளை பேரை வெச்சது யாரு?"

"நான்தான்."

"அப்புறம்?"

வம்பை விலை கொடுத்து வாங்கியவன் அவன்தான். ஸ்காட்லாந்தில் கடலோரமாக ஒரு சின்னக் கால்பந்து கிளப். கேமில் அதற்கு அவன் மேனேஜர். புதிதாக வரும் ஆட்டக்காரர்களுக்கு மேனேஜரே பெயர் வைக்கலாம். பெண்டாட்டி மனம் குளிரட்டும் என்று ஒரு கோல்கீப்பருக்கு மச்சான் பெயரை வைத்தான். பெயர் வைத்தது அவன், திறமை வைத்தது கம்ப்யூட்டர். அது கொஞ்சம் கஞ்சத்தனம் காட்டிவிட்டது. பொம்மை மாற்று ஆட்டக்காரர்கள் பெஞ்சிலேயே கிடந்தது.

"அவன் வேலை பாக்குற மெக்கானிக் ஷெட்டுல எல்லாரும் அவனை 'பெஞ்சு'ன்னுதான் கூப்பிடுறாங்களாம். 'பெஞ்சு, அந்த ஸ்பேனரை எடு'ங்கறாங்களாம். பிள்ளை சரியாச் சாப்பிட்டு ரெண்டு நாளாச்சு."

"அது எப்படி அத்தை அவங்களுக்குத் தெரிஞ்சுது?"

"நீங்கதானே போய் போனைக் காட்டிட்டு வந்தீங்க."

சமையலறையிலிருந்து மனைவி கரண்டியோடு வந்தாள். "இவர் தன் தம்பி பேரை வெச்ச பொம்மை மட்டும் நடுவுல ஓடிக்கிட்டே இருக்கான்மா. கேப்டனாம்."

"அவன் நல்லா ஆடுறான்டி."

"ஆடுவான் ஆடுவான். உங்க ரத்தமாச்சே."

"கம்ப்யூட்டருக்கு ரத்தம் ஏதுடி?"

"அப்போ எங்க வீட்டுப் பேரைக் கண்டா மட்டும் அதுக்கு எப்படி ஆகாமப் போச்சு?"

அவன் கண்ணை மூடித் திறந்தான். "அத்தை, பொறுமையாக் கேளுங்க. இன்னிக்கு இந்த சீசனோட கடைசி ஆட்டம். எதிர்ல மலைப்பக்கத்து கிளப். அதோட மேனேஜர் மலைப்பாம்புன்னு பேரு வெச்சுக்கிட்டிருக்கான், ஆளு யாருன்னே தெரியாது. நாங்க ரெண்டு பேருமே கடைசியில கிடக்கோம். தோத்தவன் கீழ் டிவிஷனுக்குப் போகணும். மேனேஜர் வேலையும் போயிடும்."

கிடங்கில் ஆளாளுக்கு அவனை ஏவுவார்கள். இதைத் தூக்கு, அதை இறக்கு. அவன் பேச்சைக் கேட்டுப் பதினொரு பேர் ஓடுவது இந்த ஒரு இடத்தில்தான்.

"கோல் கம்பத்துல நிக்கிறதுதானே?" என்றாள் மாமியார். "சும்மா நிக்கிற வேலை. அது கூடவா என் பிள்ளைக்கு வராது?"

"வர்ற பந்தைப் பிடிக்கணும் அத்தை."

"பிடிப்பான்."

"இதுவரைக்கும் ஒண்ணு கூடப் பிடிச்சதில்லை."

"உக்கார வெச்சுக்கிட்டே இருந்தா எப்படிப் பிடிப்பான்?" மாமியார் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "சரி, நமக்கு மரியாதை இல்லாத இடம். நான் கிளம்பறேன்."

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "எங்கம்மா கண்ணைக் கசக்கிட்டு இந்தப் படி இறங்கினா, நானும் பின்னாடியே இறங்கிடுவேன்."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, இருந்த நல்ல கோல்கீப்பரை பெஞ்சுக்கு இழுத்துவிட்டு மச்சானைக் களத்தில் இறக்கினான். மாமியார் எட்டிப் பார்த்தாள்.

"பச்சை சட்டை போட்டிருக்கிறதா நம்ம பிள்ளை? நல்லாத்தான் இருக்கான். ஆட்டம் முடியற வரைக்கும் மாத்தக் கூடாது மாப்பிள்ளை. என் மேல சத்தியம் பண்ணுங்க."

பண்ணினான்.

"எனக்கு இதையெல்லாம் பார்க்க நெஞ்சு தாங்காது" என்று மாமியார் உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆட்டம் தொடங்கியது. போனில் வரி வரியாக ஓடியது. 'கோல்கீப்பர் பந்தைத் தவறவிட்டார்.' சற்று நேரத்தில், 'கோல்கீப்பர் பந்தைப் பிடித்தார்.' அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். 'பிடித்த பந்தோடு கோலுக்குள் விழுந்தார்.'

கேப்டன் தம்பி நாயாய் ஓடி, தனியாளாக மூன்று கோல் போட்டான். மச்சான் நாலாவதையும் விட்டான்.

இடைவேளையில் கோல்கீப்பரை மாற்ற அவன் விரல் நீண்டபோது மனைவி பக்கத்திலேயே நின்றாள். "சத்தியம் பண்ணியிருக்கீங்க. எங்கம்மாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

ஆட்டம் தோல்வியில் முடிந்தது. கிளப் நிர்வாகம் மூச்சுவிடக்கூட நேரம் கொடுக்கவில்லை. 'உங்கள் சேவை இனி தேவையில்லை.' கடலோர கிளப் திரையிலிருந்து மறைந்தது. பதினொரு பேரும் போனார்கள்.

அவன் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தான். மனைவிக்கே பாவமாகப் போய்விட்டது. "போனாப் போகுது விடுங்க. கேம்தானே."

"இப்பச் சொல்றே, கேம்தானேன்னு."

போன் அதிர்ந்தது. ஜெயித்த மலைப்பாம்பிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது.

'மனசுல வெச்சுக்காதீங்க மாப்பிள்ளை. அவனைப் பெத்தவ நான், அவனுக்கு எதையும் பிடிக்க வராதுன்னு எனக்குத் தெரியாதா?'