ரிம்மில் கீறல் விழாமல்

பால்காரர் ஐசக்கின் பைக்கை அரைகுறையாகப் போட்டுவிட்டுப் பஞ்சர் கடை வேதகிரி எழுந்து ஓடியதைப் பார்த்ததும் சிட்டம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஓடாமல் என்ன செய்வான்? வருகிறவர் ராஜாராம். உத்திரமேரூர் ஏரிக்குக் கீழே பாதி நஞ்சை அவருடையது. இரண்டு ஆட்கள் தள்ள, பின்சக்கரம் தரையோடு படுத்துக்கொள்ள, அவருடைய புல்லட் பஞ்சர் கடைக்கு வந்து சேர்ந்தது.

"வேதகிரி, சீக்கிரம் கழட்டுடா! எம்பொண்ணு அம்முலு சொல்லாமக்கொள்ளாம எட்டு மணி பஸ்ஸுல காஞ்சிபுரம் போயிட்டா. டீச்சர் வேலைக்கு இன்டர்வியூவாம். எம்வூட்டுப் பொண்ணு சம்பளத்துக்குக் கை நீட்டறதா? அவ அம்மாகாரியைக் கேட்டா, எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு கற்பூரம் அடிக்காத குறையா சத்தியம் பண்றா!"

"அக்கிரமமால்ல கீது!" வேதகிரி கன்னத்தில் போட்டுக்கொண்டான். "வயசுப் பொண்ணு தனியாவா போவும்? இதோ ஆச்சுங்க மொதலாளி."

பக்கத்து இட்லிக் கடையில் சிட்டம்மாள் கரண்டியை ணங்கென்று வைத்தாள். பி.ஏ. முடித்துவிட்டு இரண்டு வருஷமாக ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண் அம்முலு. காலையில் பஸ் ஏறும்போது புடவைத் தலைப்பைத் திருகித் திருகி, "எனக்காக வேண்டிக்கோங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"யோவ் வேதகிரி, ஐசக்கு அண்ணன் இல்ல மொதல்ல வந்துது?"

"பெரியவங்க வேலை முந்திக்கா."

ஐசக் காலி பால் கேன் மேல் உட்கார்ந்து, "அவ்ளோ அவசரம்னா பஸ்ஸுல போயிடலாமே மொதலாளி" என்றார்.

"நானா? கூட்டத்துல, கம்பியைப் புடிச்சிக்கினா?"

வேதகிரி டயரிலிருந்து ஓர் ஆணியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ட்யூபுக்கு ஒட்டுப் போட்டான். இனி டயரை ரிம்மில் மாட்ட வேண்டியதுதான்.

"டேய், பாத்து! போன மாசம் செங்கல்பட்டுல ஒருத்தன் ரிம்மெல்லாம் கோடு போட்டுட்டான். இப்பதான் புதுசா முலாம் பூசி வாங்கியிருக்கேன். ஒரு கீறல் வுழுந்துச்சி, கடையைத் தூக்கிடுவேன்."

"கீறலா? எங்கையாலயா?" வேதகிரி நாக்கைக் கடித்துக்கொண்டான். "பட்டுப்புடவை அலசற பூந்திக்கொட்டை நுரையைத் தடவினா டயரு தானா வழுக்கிக்கினு உக்காரும். அக்கா, ஒரு சொம்பு வெந்நி குடு, காயை ஊறப் போடணும்."

சிட்டம்மாளுக்கு ஒரு யோசனை உதித்தது. தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்த அண்டாவைத் தட்டால் மூடினாள்.

"வெந்நி இல்ல."

"ஐயய்யோ! பச்சத் தண்ணின்னா நேரமாவுமே!"

நேரம் ஆகத்தான் செய்தது. காய் ஊறியது. ராஜாராம் கொதித்தார். ஒருவழியாக நுரை வந்தது.

லீவரில் துணியைச் சுற்றி, விரற்கடை விரற்கடையாக நெம்பினான் வேதகிரி. ஒவ்வொரு நெம்புக்கும் நிறுத்தினான், ரிம்மைத் துடைத்தான், குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். உற்சவருக்கு அலங்காரம் செய்கிற பட்டாச்சாரியார் தோற்றார்.

"சீக்கிரம்டா!"

"பெரிய லீவர் ஒண்ணு கீதுங்க. துணி கிணி சுத்தாம ஒரே நெம்பு, டயரு ஏறிடும். ரிம்முல லேசா ஒரு கோடு வுழும், அவ்ளோதான். போடட்டுமா?"

ராஜாராம் காஞ்சிபுரம் சாலையைப் பார்த்தார். பிறகு ரிம்மைப் பார்த்தார். அதில் அவருடைய மீசை பளபளவென்று தெரிந்தது.

"வேணாம் வேணாம். பொறுமையாவே போடு."

கடைசியில் டயர் ஏறியது. ராஜாராம் சக்கரத்தைச் சுற்றவிட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பலே! நீதான்டா தொழில்காரன்!"

புல்லட் பறந்தது. அதற்குள் பத்தரை மணி செங்கல்பட்டு பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது.

சிட்டம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "ஏன்யா, பணக்காரன் வண்டின்னா தாலாட்டுப் பாடாத குறையா மாட்டுவியா? அந்தப் பொண்ணு வயித்தெரிச்சல் உன்னைச் சும்மா வுடாது. ஐசக்கு அண்ணனும் எவ்ளோ நேரம் காத்துக்கினு கீறாரு!"

வேதகிரி ஐசக்கின் சக்கரத்தை இழுத்துப் போட்டான். சோப்புத் துண்டால் டயர் விளிம்பில் ஒரு தேய்ப்பு. ஒரு பக்கத்தை முழங்காலால் ரிம்மின் பள்ளத்துக்குள் அழுத்தினான். எதிர்ப்பக்கம், துணி சுற்றிய அதே லீவரால் நாலு நெம்பு. தொப்பென்று உட்கார்ந்தது டயர். ஐசக் பற்றவைத்த பீடி பாதிகூட எரியவில்லை.

ஐசக் ரிம்மைத் தடவிப் பார்த்தார். "ஒரு கீறல்கூட இல்லியேப்பா!"

"கீறல் இல்லாம மாட்ட இவ்ளோ நேரம் போதும்ணே."

சிட்டம்மாள் வாயைப் பிளந்தாள். "அப்ப அந்த வண்டிக்கு..."

"பத்து மணிக்கு இன்டர்வியூ. மொதலாளி போய்ச் சேர்றதுக்குள்ள அம்முலு முடிச்சிட்டு வெளியவே வந்துடும். நீ வெந்நி இல்லன்னு சொன்னியே, மகராசி, அதுல அரை மணி நேரம் கூடக் கெடச்சிது."

"அடப்பாவி! அப்ப ஆணி குத்தனதும் நீதானா?"

"சேச்சே, அந்தத் தொழில்துரோகம் நான் பண்ணுவேனா?" வேதகிரி சட்டைப் பையிலிருந்த ஆணியை எடுத்து டப்பாவில் பத்திரமாகப் போட்டான். "மொதலாளியம்மா நேத்து வந்து, எந்த ஆணி நல்லா எறங்கும்னு கேட்டு வாங்கிக்கினு போனாங்க. போறப்ப, 'ரிம்முல மட்டும் கீறல் வுழாம பாத்துக்கோ, பாவம், அவரு மனசு தாங்காது'ன்னாங்க."