வெட்டுக்கூலி

அவள் மீன் வெட்டும் சவரியம்மாவின் வெட்டுக்கட்டைக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

மடியில் நோட்டு. காதில் பென்சில்.

ஞாயிறு காலை ஏழு மணி. எங்கள் தெரு மொத்தமும் மீன் சந்தைக்கு வந்து சேரும் நேரம். படித்த பெண்ணுக்கு உட்கார வேறு இடமே கிடைக்கவில்லை போலிருக்கிறது.

எங்கள் தெருவில்தான் மாடியில் வாடகைக்கு இருக்கிறாள். நகராட்சிக்காகப் பெரிய அட்டவணை ஒன்று போடுகிறாள். ஊரில் யார் கையிலிருந்து யார் கைக்குப் பணம் போகிறது என்று. குறுக்கே பார்த்தால் வரவு, நெடுக்கே பார்த்தால் செலவு. ஒருவர் செலவு இன்னொருவர் வரவாக எங்காவது வந்து நின்றே ஆகவேண்டுமாம். இரண்டு கூட்டுத்தொகையும் ஒத்துப்போக வேண்டுமாம்.

எல்லாம் ஒத்துப்போனது. ஒரே ஒரு வரிசையைத் தவிர.

மீன் வெட்டிக் கொடுக்கும் பெண்கள். பதினோரு பேர்.

நெடுக்கே அரிசி, கேஸ், பள்ளிக் கட்டணம், சர்க்கரை மாத்திரை எல்லாம் இருந்தது. குறுக்கே பூஜ்யம்.

காற்றைத் தின்று பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள்.

பூஜ்யம் எப்படி வந்தது என்பது எங்களுக்குத் தெரியும். அவள் கணக்கெடுக்க வந்தபோது எல்லா வீட்டிலும் மாமியார் முன்னறையில்தான் உட்கார்ந்திருந்தார். மீன் வெட்டக் கூலி கொடுப்பதுண்டா என்று கேட்டாள். அறுபது வீடும் ஒரே பதில்தான். "நாங்க வீட்டுலயே ஆஞ்சிருவோம்."

வேறென்ன சொல்வது? சந்தையில் வெட்டி வாங்கிவிட்டு, செதிலைத் தனிப் பையில் கேட்டு எடுத்து வந்து, கொல்லைக் குழாயடியில் தூவி வைக்கிறவளும் எங்களில் உண்டு. யாரென்று எழுத மாட்டேன்.

நகராட்சி அதிகாரி அவளிடம் போனில் பேசியதும் எங்கள் காதில் விழுந்தது. மாடிப்படியில் நின்று ஸ்பீக்கரில் போட்டுப் பேசினால் விழாதா?

"அந்த வரிசைய எடுத்துட்டு 'இதர'வுல சேத்துருங்க மேடம். மிச்சத்த கம்ப்யூட்டரே சரிக்கட்டிரும்."

சந்தை ஊருக்கு வெளியே போகிறது. அட்டவணையில் வரிசை உள்ளவர்களுக்குத்தான் புதுக் கட்டடத்தில் இடம். திங்கட்கிழமை காலை அட்டவணையைக் கொடுத்தாக வேண்டும்.

"முடியாது சார்" என்று போனை வைத்துவிட்டாள்.

வைத்தவள்தான் இப்போது இங்கே உட்கார்ந்திருக்கிறாள்.

நாங்கள் வந்தோம். பார்த்தோம்.

விளைமீனையும் பாறையையும் முழுசு முழுசாகச் சுமந்துகொண்டு வெட்டுக்கட்டைகளைத் தாண்டி நடந்தோம். பத்தடி தள்ளி நின்று கொத்தமல்லி விலை விசாரித்தோம். அவ்வளவு நேரம் விசாரிக்கக் கொத்தமல்லியில் ஒன்றுமில்லை.

எட்டு மணி.

பதினோரு பேரும் கத்தியைத் துடைத்துத் துடைத்து வைத்தார்கள்.

சவரியம்மா ஈரக்கையால் முக்காலியைத் தட்டினாள். "எந்திச்சுப் போயிரு தாயி. ஒன் நோட்டப் பாத்தா ஒருத்தியும் வரமாட்டா. இன்னைக்கு நெசமாவே முட்டைதான் போடணும்."

அவள் எழுந்தாள்.

போய்விடுவாள் என்றுதான் நினைத்தோம்.

முக்காலியைத் திருப்பிப் போட்டாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"எனக்குப் பேரு வேண்டாம்க்கா. ஒரு பை முடிஞ்சதும் கூலி எவ்வளவுன்னு மட்டும் சொல்லுங்க."

சுவரில் காறை பெயர்ந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகு அசையவில்லை.

ஒருத்தி மெல்லப் பையை நீட்டினாள். பிறகு இன்னொருத்தி.

கட்டையில் கத்தி விழுந்தது.

"நாப்பது."

பென்சில் நகர்ந்தது.

"அறுவது."

பென்சில் நகர்ந்தது.

எங்களுக்கும் நிம்மதி. பெயரில்லாமல் நிற்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது.

அப்போதுதான் சொர்ணத்தம்மாள் வந்தாள். எங்கள் தெரு மாமியார்களிலேயே பெரிய வாய். நாற்பது வருடமாகத் தன் வீட்டு மீனை வெளியாள் தொட்டதில்லை என்று கணக்கெடுப்பன்று சத்தமாகச் சொன்னவள். அவள் மருமகளோ, வரிசையில் இருந்தவள், சட்டென்று ஐஸ் பெட்டிக்குப் பின்னால் போனாள்.

சொர்ணத்தம்மாள் பையைக் கட்டையில் கவிழ்த்தாள்.

"பதினேழாம் நம்பர் வீடு. ஒன்றரைக் கிலோ. இவ அம்மா காலத்துலருந்து இங்கதான் வெட்டக் குடுக்கேன். நல்லா எழுதிக்கோ."

முக்காலியில் இருந்தவள் திரும்பவில்லை. எழுதினாள்.

வரிசை ஓரடி நகர்ந்தது.

சவரியம்மா பைக்காக என் பக்கம் கையை நீட்டினாள்.

எங்கள் வீடு இருபத்திரண்டு.