மூணு வட்ட வாட்ச்

ஒரு வாட்ச் வாங்க எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? அரை மணி? பாலக்காட்டுக் கடைவீதியில் அன்று ஆறுச்சாமிக்கு நாலரை மணி நேரம் ஆனது.

“கழட்டுங்க தம்பி. இது ஆகாது,” என்றார் குப்பண்ணன்.

ஆறுச்சாமியின் இளைய மகளுக்கு மாப்பிள்ளையாகப் போகிற அர்த்தநாரி அப்போதுதான் வாரை மாட்டி, கையை நீட்டி அழகு பார்த்துக்கொண்டிருந்தான். கறுப்பு முகம். அதற்குள் மூன்று சின்ன வட்டம். பக்கவாட்டில் இரண்டு பொத்தான். ஏரோப்ளேன் ஓட்டுகிறவர்கள் கட்டுகிற மாதிரி. சூலூர்ப் பக்கம் மில்லில் வேலை பார்க்கிற அவன், அப்படி ஒன்றை யார் கையிலோ பார்த்து ஆசைப்பட்டிருந்தான். அவனைப் பெற்ற அய்யன் அதைச் சம்பந்தப் பேச்சில் சேர்த்துவிட்டார். நாளைக் காலை நிச்சயம். வாட்ச் கையில் ஏறாமல் தட்டு மாற்றுவதில்லை என்று ஆள்விட்டுச் சொல்லியிருந்தார்.

“ஏன் ஆகாது?” என்றார் ஆறுச்சாமி.

“பெரிய முள்ளு நிக்குது பாருங்க மாமா. சண்டி.”

கடைக்காரர் வெங்கிடேஸ்வரன் கல்பாத்திக்காரர். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொன்னார்: “அது நிக்கணும் ஓய். இந்தப் பொத்தானை அமுக்கினா ஓடும், இன்னொரு தரம் அமுக்கினா நிக்கும். மணி காட்டற முள்ளு தனியா ஓடிண்டேதான் இருக்கு, பாருங்கோ.”

“அமுக்குனாத்தான் ஓடும்னா எங்கூர்ல அதுக்குப் பேரு சண்டிதானுங்க.”

அர்த்தநாரி கழற்றிக் கொடுத்தான்.

குப்பண்ணன் வேலந்தாவளம் சந்தையில் மாட்டுத் தரகர். ஆறுச்சாமியின் மனைவி கமலாத்தாளுக்கு ஒன்றுவிட்ட தம்பி. “அவனக் கூட்டிட்டுப் போங்க, அவன் பாத்தா தப்பு வராது” என்று பிடிவாதமாக அனுப்பி வைத்தவள் அவள்தான். மாடு பார்க்கிறவனுக்கு வாட்ச்சைப் பற்றி என்ன தெரியும் என்று ஆறுச்சாமி கேட்டதற்கு, அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

இரண்டாவது வாட்ச் கொஞ்சம் விலை குறைவு. யாரோ கொஞ்ச நாள் கட்டிவிட்டு விற்ற பாரின் சரக்கு. அர்த்தநாரி அதைக் கட்டிக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வந்தான்.

“நல்லா இருக்குதுங்களா தம்பி?”

“நல்லா இருக்குதுங்க.”

“கழட்டுங்க.”

“இதுக்கு என்னப்பா வந்துச்சு?” என்றார் ஆறுச்சாமி.

“மூணு சுழி முக்கோணமா உழுந்திருக்குது. மாட்டுக்கு இப்படிச் சுழி இருந்தா ஊட்டுக்கு ஆகாதுங்க.”

“அது சுழி இல்லைங்காணும். ஒண்ணு செகண்டுக் கணக்கு, ஒண்ணு நிமிஷக் கணக்கு, ஒண்ணு மணிக் கணக்கு,” என்றார் வெங்கிடேஸ்வரன்.

“கணக்கோ என்னமோ. என் கண்ணுக்குச் சுழி.”

ஆறுச்சாமி பல்லைக் கடித்தார். “மாப்ள கேட்டதே மூணு வட்டம் இருக்கறதுதானப்பா. வட்டமில்லாததுன்னா என் கையில கெடக்கறதையே கழட்டிக் குடுத்திருப்பனே.”

அர்த்தநாரி அதையும் கழற்றினான்.

வெங்கிடேஸ்வரன் அடுத்த தெருவிலிருந்து ஒன்றை வரவழைத்தார். அது வருவதற்குள் மூன்று பேரும் இரண்டு தடவை டீ குடித்தார்கள். வந்தது நல்ல வாட்ச். ஆறுச்சாமி கொண்டுவந்த முந்நூறு ரூபாய்க்குள் அடங்கியது. குப்பண்ணன் தடவிப் பார்த்தார், காதில் வைத்துப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

“இது ஆகும். கட்டுங்க தம்பி.”

ஆறுச்சாமி மடியிலிருந்து பணத்தை எடுத்தார். வெங்கிடேஸ்வரன் பில் எழுத உட்கார்ந்தார். அர்த்தநாரி கட்டிக்கொண்டு, “மணி மூணு இருவது” என்றான், யாரும் கேட்காமலே.

“கழட்டுங்க தம்பி.”

வெங்கிடேஸ்வரன் பேனாவை வைத்தார். “நீங்க வாட்ச் வாங்க வந்தேளா, என் பிராணனை எடுக்க வந்தேளா?”

“இப்பத்தான் தோணுச்சுங்க. காதுல வெச்சப்ப மூச்சு வாங்குச்சு. வேண்டாம்.”

“நீ பேசாத இரு,” என்றார் ஆறுச்சாமி. “மாப்ள, நீங்க கழட்டாதீங்க.”

குப்பண்ணன் கையை நீட்டியபடியே நின்றார்.

அர்த்தநாரி வாட்ச்சைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கழற்றி, கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்து மேஜைமேல் வைத்தான்.

“உடுங்க மாமா. அவருக்கு மனசுக்குப் படலீன்னா வேண்டாம். அய்யங்கிட்ட நாஞ் சொல்லிப் பாக்கறேன்.” கடைக்காரர் பக்கம் திரும்பினான். “உங்களையும் பாடாப் படுத்திட்டோம். மனசுல வெச்சுக்காதீங்க.”

அவன் கோயமுத்தூர் பஸ்ஸில் ஏறிப் போனான். அந்த பஸ் கண்ணில் மறைந்ததும் ஆறுச்சாமி தோளில் கிடந்த துண்டை உதறினார்.

“அவங்கய்யன் பையன் பேச்சக் கேக்கற ஆளாடா? நாளைக்கு அத்தன பேரு முன்னாடி எந்திரிச்சுப் போயிருவாரு. அப்பறம் எம்புள்ளைய எவன் கட்டுவான்? ஒரு வாட்ச்சப் பாக்கத் துப்பில்ல, உன்னையப் போயிக் கூட்டிட்டு வந்தேன் பாரு.”

“வாட்ச்சப் பாக்க நான் எங்கீங்க வந்தேன்?” என்றார் குப்பண்ணன். “மாடோ மாப்ளையோ, தீனியக் காட்டி, வாய் வெக்கற நேரத்துல புடுங்கிப் பாக்கோணும் மாமா. மூணு தடவ புடுங்கிட்டேன், முட்டல. மூத்தவளக் குடுக்கறப்ப இப்படிப் பாக்காம உட்டுட்டோம், அவ மாசத்துக்கொருக்கா அடி வாங்கி ஒடம்பெல்லாம் வீங்கி வந்து நிக்கறாளேன்னு அக்கா அழுதுச்சு.”

மறுநாள் காலை, பத்து நாளைக்கு முன்பே வாங்கித் தன் பெட்டியில் பூட்டி வைத்திருந்த மூன்று வட்ட வாட்ச்சைக் கமலாத்தாள் எடுத்துக் கொடுத்தாள். தட்டு மாற்றினார்கள்.