ஃபின்டனுக்கு விழுந்த ஒரு ஓட்டு

முதியோருக்கு மதிய உணவு கொண்டுபோகும் எங்கள் ஊர்ச் சங்கத்துக்குத் தலைவர் தேர்தல். நுவாலா என்கிற நான், அட்ராக்டா, பெரியவர் ஃபின்டன் என மூவர் போட்டி. அயர்லாந்து வழக்கப்படி சீட்டில் 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எழுத வேண்டும்.

அட்ராக்டாவின் சோடா ரொட்டியை ஊரே புகழும். எனக்கு வயிறு எரியும். எனக்கு 1 போட்டேன். அவளுக்கு வேண்டுமென்றே 3.

பூசை முடிந்ததும் பாதிரியார் எண்ணினார். "நுவாலா பதினொண்ணு, அட்ராக்டா பதினொண்ணு, ஃபின்டன் ஒண்ணு. ஃபின்டன் விலகணும். அவருக்கு விழுந்த சீட்டுல ரெண்டாவது யாருன்னு பார்ப்போம்."

பார்த்தார். "நுவாலா."

ஜெயித்துவிட்டேன்.

"ஃபின்டனுக்கு ரொட்டி ஊட்டியும் பிரயோஜனம் இல்லையே, அட்ராக்டா," என்றேன்.

ஃபின்டன் சிரித்தார். "அது என் சீட்டு இல்லம்மா. நான் அட்ராக்டாவுக்குத்தான் போட்டேன்."

"அப்போ யாரோடது?"

ரொட்டியை நறுக்கிக்கொண்டே அட்ராக்டா சொன்னாள்: "என்னோடது. ஒண்ணுகூட விழலன்னா அவர் மனசு கஷ்டப்படுமே. எனக்கு நானே போட்டுக்கவும் கூச்சம். ரெண்டாவது உனக்குத்தான் போட்டேன், நுவாலா. நீ பொறுப்பா பாத்துப்ப."

முதல் துண்டை என் தட்டில் வைத்தாள். இத்தனை வருடத்தில் அன்றுதான் அந்த ரொட்டியைச் சாப்பிட்டுப் பார்த்தேன்.